பேய்க்கரும்புக்குப் பிறந்த பிள்ளை

கரும்பை யாரும் விதைப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறார்கள். அதனால் ஒரு வயலில் நிற்கும் அத்தனை கரும்பும் மரபணுக் கணக்கில் ஒரே கரும்புதான். ஒரு மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. உயிரியல் பாடத்தில் அவற்றை அல்லீல் என்பார்கள். தாய்க் கரும்பிடம் எந்த அல்லீல்கள் இருந்தனவோ அவைதான் நூறு தலைமுறை கழித்தும் கரணைக்குள் இருக்கும். பூச்சியோ பனியோ தாயை வென்றால் பிள்ளைகளும் தப்பாது.

மாற வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். அது பூக்கும், ஆனால் விதை முளைக்காது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பஞ்சு போன்ற அந்தக் கதிரில் முளைக்கும் விதை இருப்பதை 1880களில் ஜாவாவிலும் பார்படோஸிலும் கண்டுகொண்டார்கள். அதன் பிறகுதான் கரும்பில் கலப்பினம் என்ற பேச்சே எழுந்தது.

அன்றைய இந்தியாவில் கரும்பின் பெரும்பரப்பு வடக்கே இருந்தது. குச்சி போல் மெலிந்த நாட்டுக் கரும்பு, குறைந்த மகசூல். கடைகளிலோ ஜாவாச் சர்க்கரை குவிந்தது. வெளியிலிருந்து தடித்த கரும்பைக் கொண்டுவந்து நட்டால், பஞ்சாபின் உறைபனியும் வறட்சியும் அதை விட்டுவைக்கவில்லை. அங்கேயே கலப்பினம் செய்யலாமென்றால், அந்தக் குளிரில் கரும்பு ஒழுங்காகப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரில் பூத்தது, விதையும் பிடித்தது. அதனால் வடநாட்டு வயலுக்கான கரும்பை உருவாக்கும் நிலையம் 1912இல் இங்கே அமைந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த முரண் இதுதான்.

நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். அவருடன் பணியாற்றிய டி.எஸ். வெங்கட்ராமன் பின்னர் அவர் இடத்துக்கு வந்தார். தாயாக அவர்கள் எடுத்தது ‘வெள்ளை’ என்ற தடித்த, சாறு மிகுந்த கரும்பு. பொங்கலுக்கு நாம் கடித்துச் சுவைக்கும் கரும்பின் சிற்றினம்தான் அதுவும். தந்தையாக எடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தானாக வளர்ந்து கிடந்த பேய்க்கரும்பு. வாய்க்கால் கரையில் மண்டும் புல் அது. கடித்தால் நார்தான் மிஞ்சும், இனிப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரைக்காக ஆரம்பித்த நிலையம் சர்க்கரை சொற்பமான புல்லைத் தேடிப் போனது அன்று விசித்திரமாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் வெள்ளையிடம் இல்லாதது அந்தப் புல்லிடம் இருந்தது. மனிதன் அதை இனிப்புக்காகப் பொறுக்கி எடுத்து வளர்த்ததில்லை. வெயில், குளிர், நோய் எல்லாவற்றிலும் தானே தாக்குப்பிடித்து நின்ற இனம். ஆழமாக ஓடும் வேர், கொத்துக் கொத்தாய்க் கிளைக்கும் தூர், பனி தாங்கும் தன்மை, இவற்றுக்கான அல்லீல்கள் அதற்குள் சேர்ந்திருந்தன. அதன் வகைகளுக்குள்ளேயே அத்தனை வேறுபாடு: குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றில் 40 என்றால் இன்னொன்றில் 128.

இந்தக் கலப்பின் நாற்றுகளில் தேறியது கோ 205. ‘கோ’ என்பது கோயம்புத்தூர். 1918இல் வெளிவந்து பஞ்சாபுக்குப் போனது. பார்வைக்கு ஒல்லிதான், நாரும் அதிகம். ஆனாலும் அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. பின்னாலேயே பீகாருக்கு கோ 210, கோ 213 என்று வரிசை நீண்டது. 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு கிடைத்ததும், முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டின. அவற்றுக்குத் தீனி போட்டவை பெரும்பாலும் ‘கோ’ கரும்புகளே.

ஒரே கலப்பின் நாற்றுகள் ஒன்றுக்கொன்று எப்படி இவ்வளவு மாறுபடும்? மனித உடலில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள்தான். கலப்பினக் கரும்பில் பத்து, பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு அல்லீலாக இருக்கலாம். எனவே ஒரே கதிரின் இரண்டு விதைகள் ஒன்றுபோல முளைப்பதில்லை. ஆயிரக்கணக்கில் நாற்றுவிட்டுக் கழித்துக் கழித்து, ஒன்றிரண்டை வைத்துக்கொள்வதுதான் வேலை. பொறுத்தவனுக்குத்தான் கரும்பு.

இதே காலத்தில் ஜாவாக்காரர்களும் தங்கள் ஊர்ப் பேய்க்கரும்பின் வழியே 1921இல் பி.ஓ.ஜே. 2878ஐ உருவாக்கினார்கள். அதையும் கோ 290ஐயும் சேர்த்துப் பிறந்ததுதான் நம்மூர் விவசாயிகள் நெடுங்காலம் கொண்டாடிய கோ 419. கோயம்புத்தூரில் கலந்த விதையை வாங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்த ரகத்துக்கு என்.கோ. 310 என்று பெயர். ஊர்ப்பெயர் அதிலும் ஒட்டிக்கொண்டது.

கலப்பில் பிறந்தாலும் வயலுக்குப் போவது மறுபடியும் கரணைதான். கோ 213 பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பரவியிருந்தபோது, 1938-39 வாக்கில் செவ்வழுகல் நோய் புகுந்து அழித்தது. எழுபது ஆண்டு கழித்து கோ 0238 வந்தது. மகசூலும் சர்க்கரைச் சத்தும் அள்ளிக் கொடுத்ததால் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் பெரும்பங்கை அது ஒன்றே பிடித்துக்கொண்டது. பிறகு அதே செவ்வழுகல். நல்ல ரகத்தைத் தேடி நட்ட விவசாயியைக் குறைசொல்ல முடியாது. ஆலையும் அதைத்தான் கேட்டது.

இன்றைய கரும்பில் பேய்க்கரும்பின் பங்கு பத்திலிருந்து இருபது சதவீதம். அதுவும் ஆரம்பத்தில் பிடித்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில புற்களிலிருந்து வந்தது. அதனால் நிலையத்தார் இன்னமும் புல் தேடிப் போகிறார்கள், அருணாச்சலப் பிரதேசம் வரை. உலகளாவிய கரும்புச் சேகரிப்புகள் இரண்டில் ஒன்றை அவர்கள் கேரளத்துக் கண்ணூரில் வளர்க்கிறார்கள். மற்றது அமெரிக்காவின் மயாமியில். கோயம்புத்தூர் நிலையத்தில் இருந்த காலத்தில் கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கலக்க முயன்ற தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பிறந்த தலைச்சேரி, கண்ணூருக்குப் பக்கத்து ஊர்.