ரஷ்ய மலையா, அமெரிக்க மலையா?

பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் ரோலர் கோஸ்டருக்குப் பெயர் 'ரஷ்ய மலை'. ரஷ்யர்களோ அதை 'அமெரிக்க மலை' என்கிறார்கள்!

உண்மையில் ரஷ்யாவின் பங்குதான் பழையது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வட்டாரத்தில் குளிர்காலம் வந்தால் உயரமாக மரச்சாரம் கட்டி, சரிவில் தண்ணீர் ஊற்றி உறையவிடுவார்கள். படியேறிப் போய் சறுக்குவண்டியில் உட்கார்ந்தால், கண் இமைப்பதற்குள் கீழே. பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்தில், கோடையிலும் சறுக்குவதற்காக ஓரானியன்பாம் அரண்மனைத் தோட்டத்தில் சக்கர வண்டி ஓடும் மரச்சரிவு எழுந்தது. சரிவு இன்று இல்லை. வண்டிகள் புறப்பட்ட வெளிர்நீல மாளிகை மட்டும் நிற்கிறது.

1817இல் இந்த விளையாட்டு பாரிஸுக்கு வந்தது. பெல்வில் பகுதியில் வண்டிகளின் சக்கர அச்சு தடத்தின் காடியில் மாட்டிக்கொள்ளும்படி அமைத்தார்கள். வேகம் கூடினாலும் வண்டி தடத்தை விட்டு விலகாது.

கோபன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி பூங்காவில், 1914இல் தொடங்கிய மரக் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. உயரம், வேகம், உடல் இருக்கையை விட்டு எழும்பும் நொடிகள் என ஊர் ஊராகச் சுற்றி மதிப்பெண் போடும் ரசிகர்கள் இங்கே கவனிப்பது பிரேக் பிடிப்பவரை. பயணிகளோடு அவரும் வண்டியில் அமர்ந்திருப்பார். வேகம் மிஞ்சினால் நெம்புகோலை இழுப்பார். அவர் எவ்வளவு தாமதிக்கிறாரோ, பயணிகளின் வயிற்றில் அவ்வளவு புளி கரையும்.