ஆமைகளுக்குப் பாடம் சொன்ன ஓவியர்

தைல வண்ணம் பொறுமையின் கலை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் உலரப் பல நாட்களாகும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் நாளடைவில் ஓவியம் வெடித்துவிடும். இக்கலையைக் கற்பது எவ்வாறு என்பதற்கு உஸ்மானியத் துருக்கியின் ஓவியர் உஸ்மான் ஹம்தி பே அவர்களின் வாழ்வு நல்லதொரு சான்றாகும்.

1842இல் இஸ்தான்பூலில் பிறந்த அவரை, பிற்காலத்தில் தலைமை வஸீராக உயர்ந்த தந்தை இப்ராஹீம் எத்ஹம் பாஷா, 1860இல் சட்டம் பயிலப் பாரிஸுக்கு அனுப்பினார். மைந்தரின் உள்ளமோ தூரிகையை நாடியது. குஸ்தாவ் பூலான்ழே என்னும் ஓவியரிடம் அவர் பயின்றார். முதலில் சுண்ணச் சிலைகளைப் பார்த்துக் கரியால் வரைதல், பின்னர் உயிருள்ள மனிதரை வரைதல், அதன் பிறகே வண்ணம் என்பது அக்காலக் கல்விக்கூடங்களின் நியதி. 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய மூன்று ஓவியங்கள் இடம்பெற்றன.

தாயகம் திரும்பியவரை அரசுப் பணிகள் சூழ்ந்துகொண்டன. பக்தாதில் அலுவல், 1881 முதல் அரும்பொருளகத் தலைமை, 1887இல் சைதாவில் அகழாய்வு என நாட்கள் நகர்ந்தன. இவற்றுக்கிடையே கிடைத்த பொழுதில்தான் அவர் வரைந்தார். பழங்கால உடையணிந்து, தம்மையே புகைப்படம் எடுக்கச் செய்வார். படத்தின் மீது கட்டங்கள் இட்டு, அவ்வுருவைத் துணியில் பெரிதாக்குவார். இதனை வெறும் நகலெடுப்பு என்று தள்ளுவது பொருந்தாது. கறுப்பு வெள்ளைப் படம் உருவத்தைத் தரும்; நிறத்தையும் ஒளியையும் ஓவியரே கண்டறிந்தாக வேண்டும்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கீழ்த்திசையை அடிமைச் சந்தையாகவும் அந்தப்புரச் சோம்பலாகவும் தீட்டுவதில் பாரிஸ் ஓவியர் பலர் மகிழ்ந்தனர். அவர்களுடைய நுட்பத்தையே ஹம்தி பே கைக்கொண்டார். ஆயினும் அவர் தீட்டிய மாந்தர் நூல் ஓதுகின்றனர், வாதம் புரிகின்றனர், பள்ளிவாசலின் வாயிலில் நிமிர்ந்து நிற்கின்றனர். கையை ஆசிரியரிடம் பழக்கியவர், கண்ணை அவரிடம் அடகு வைக்கவில்லை. கற்றலுக்கும் போலி செய்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அறுபதைக் கடந்த பின், 1906இல், அவர் தீட்டியதே ‘ஆமை பழக்குபவர்’ என்னும் புகழ்பெற்ற ஓவியம். பூர்ஸா நகரின் பச்சைப் பள்ளிவாசலில் நீல ஓடுகள் பதித்த மேல்மாடம். சிவப்பு அங்கியணிந்த முதியவர் ஒருவர் குனிந்து நிற்கிறார். முகம் ஓவியருடையதே. பின்புறம் கட்டிய கைகளில் புல்லாங்குழல். முதுகில் சிறு முரசு. காலடியில் ஐந்து ஆமைகள். அவற்றின் நாட்டம் இசையில் இல்லை, இலைகளில் இருக்கிறது!

மந்தமான சமுதாயத்தைத் திருத்த முனைந்தவரின் சலிப்பு இது என்பர் சிலர். கற்பிப்பவரின் பொறுமையையும் நாம் இதில் காண்கிறோம். ஓடு போர்த்த உயிரை அடித்துப் பழக்க இயலாது; காத்திருந்தே பழக்க வேண்டும். அவர் தலைமையில் 1883இல் திறக்கப்பட்ட கலைக்கல்லூரி, இன்று மிமார் சினான் நுண்கலைப் பல்கலைக்கழகமாக இஸ்தான்பூலில் நிலவுகிறது. 1910இல் அவர் மறைந்தார். குனிந்து நின்று காத்திருந்த அந்த ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை.