கே (இசைத்தொகுப்பு)

கே என்பது குலா ஷேக்கர் என்னும் பிரித்தானிய ராக் இசைக்குழு 1996ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கொலம்பியா நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு ஆகும். 1960களின் ராக் இசையையும், வட இந்திய இசையின் சாயலையும், வைணவப் பக்திப் பாடல் மரபையும் இது ஒன்றாகக் கலந்து தந்தது. ஐக்கிய இராச்சிய இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்ற இத்தொகுப்பு, கேட்டோரைக் கூர்மையாக இரு பிரிவாகப் பிரித்தது. சிலர் இதை உளமார்ந்த பக்தியின் வெளிப்பாடாகக் கொண்டனர். வேறு சிலர் இதை இரவல் ஆடை என்றே கருதினர்.

பெயர்க் காரணம்

இக்குழுவின் பெயர் பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவரான குலசேகர ஆழ்வாரின் பெயரிலிருந்து வந்தது. சேர நாட்டு மன்னரான இவர், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் உள்ள பெருமாள் திருமொழியை இயற்றியவர். முகுந்தமாலை என்னும் சமசுகிருதத் துதிநூலும் இவர் பெயரால் வழங்குகிறது. ஆழ்வார் பாசுரங்களை அறியாத வட இந்திய வைணவர்களும் இவரை அறிவதற்கு முகுந்தமாலை ஒரு காரணம். அதற்கு முன் "தி கேய்சு" என்ற பெயரில் இயங்கிய குழுவினர், 1995இல் இப்பெயரை ஏற்றனர். ஆங்கில ஒலிப்பில் சிதைந்துவிட்டதால், தமிழ் மன்னர் ஒருவரின் பெயர் இதனுள் இருப்பது பலருக்கும் தெரிவதில்லை.

குழுவினர்

பாடகரும் கிட்டார் இசைஞருமான கிரிசுபியன் மில்சு, பேசு கிட்டார் வாசித்த அலோன்சா பெவன், முரசு இசைஞர் பால் விண்டர்ஆர்ட், விசைப்பலகை வாசித்த ஜே டார்லிங்டன் ஆகிய நால்வரும் இக்குழுவில் இருந்தனர். மில்சு, நடிகை ஏய்லி மில்சின் மகனும் நடிகர் சர் ஜான் மில்சின் பேரனும் ஆவார். இத்தொகுப்பைப் பற்றிய வாதங்களில் இந்தக் குடும்பப் பின்னணி அடிக்கடி இழுக்கப்பட்டது. இந்தியாவில் பயணம் செய்த மில்சு, சைதன்யரின் வழிவந்த கௌடீய வைணவத்தில் ஈடுபாடு கொண்டார்.

பாடல்கள்

தொகுப்பில் 13 பாடல்கள் உள்ளன. பெரும்பகுதியைத் தயாரித்தவர் ஜான் லெக்கி. தி சுடோன் ரோசசு குழுவின் முதல் தொகுப்பையும் ரேடியோஎட் குழுவின் தி பெண்ட்சு தொகுப்பையும் தயாரித்தவர் இவரே. "ஏ டூட்" போன்ற பாடல்கள் முழுக்க முழுக்க கிட்டார் ராக் வகையைச் சேர்ந்தவை. இந்தியத் தாக்கம் எல்லாப் பாடல்களிலும் சம அளவில் இல்லை என்பதைக் குறை கூறுவோர் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

வாதத்தின் மையத்தில் நிற்பவை இரு பாடல்கள். முதலாவது "தத்வா". ஐக்கிய இராச்சியத் தனிப்பாடல் பட்டியலில் 4ஆம் இடம் பெற்ற இப்பாடல், சைதன்யர் வழி வைணவத்தின் அடிப்படைக் கொள்கையான அசிந்திய பேதாபேதத்தைக் கருப்பொருளாகக் கொண்டது. இறைவனும் உயிர்களும் ஒரே வேளையில் வேறாகவும் வேறல்லாமலும் இருக்கின்றனர், அது அறிவால் எட்ட இயலாதது என்பதே அக்கொள்கை. ஆகவே இப்பாடலில் வரும் சமசுகிருதச் சொற்கள் ஓசை இனிமைக்காக மட்டும் பொறுக்கப்பட்டவை அல்ல.

இரண்டாவது "கோவிந்தா". மரபான நாமசங்கீர்த்தனம் ஒன்றைத் தழுவிய இது, முற்றிலும் சமசுகிருதத்தில் அமைந்து, 1996 இறுதியில் 7ஆம் இடத்தை எட்டியது. இத்தகைய முயற்சி இது முதல் முறையன்று. பீட்டில்சு குழுவின் ஜார்ஜ் ஆரிசன், இலண்டன் இராதா கிருட்டிணர் கோயில் அடியார்களைக் கொண்டு சமசுகிருதப் பாடல்களை 1970ஆம் ஆண்டளவில் இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார்.

கருத்து வேறுபாடுகள்

தொகுப்பை விரும்பியோர் அதன் மெட்டுகளையும் துடிப்பையும் பாராட்டினர். 1997இல் பிரிட் விருதுகளில் சிறந்த புதிய குழுவுக்கான விருது இக்குழுவுக்குக் கிடைத்தது. எதிர்த்தோரின் குறைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, இசை 1960களின் படி என்பது. இதை மறுப்பது எளிதன்று. ஆரிசனின் நிழல் தொகுப்பு முழுவதும் தெரிகிறது. மற்றொன்று, வசதியான குடும்பத்து இளைஞர்கள் பிறர் சமயத்தை அணிகலனாக்கிக் கொண்டனர் என்பது. இக்குற்றச்சாட்டு முதலாவதைப் போல வலுவுடையதன்று. நம்பிக்கையின் உண்மையைப் பாடுபவரின் செல்வநிலையைக் கொண்டு அளக்க இயலாது. அரசைத் துறந்து பாடியவராகப் போற்றப்படும் குலசேகரரும் ஏழையாகப் பிறந்தவர் அல்லர்.

எனினும் எதிர்த்தோர் எழுப்பிய ஒரு கேள்வி எளிதில் தீராதது. இறைவன் பெயரைக் கூட்டமாகச் சேர்ந்து பாடுவது வழிபாடு. அதே பெயரை, பொருள் அறியாத இரசிகர்கள் மதுக்கூடத்தில் கூவும்போது அது என்னவாகிறது? நாமத்தை எவ்வகையில் உச்சரித்தாலும் பயன் உண்டு என்பது பக்தி மரபின் விடை. இசைத் திறனாய்வாளர்களுக்கு அவ்விடை போதுமானதாக இல்லை.

1997இல் மில்சு, சுவத்திகா சின்னத்தைப் பற்றி நேர்காணலில் கூறிய கருத்துகள் பெரும் எதிர்ப்பை உண்டாக்கின. இந்தியாவில் அது மங்கலச் சின்னம். ஐரோப்பாவிலோ அது நாட்சிகளின் கொடுமையை நினைவூட்டுவது. தமக்கு நாட்சிக் கொள்கையில் உடன்பாடு இல்லை என்று மில்சு விளக்கமளித்தார். ஆயினும் அதன்பின் குழுவின் இந்திய ஈடுபாடு முழுவதையும் பலர் ஐயத்துடனேயே நோக்கினர்.

இதே காலத்தில் வெளிவந்த கார்னர்சாப் குழுவின் தொகுப்புடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். பஞ்சாபி மரபினரான தசிந்தர் சிங் தலைமையிலான அக்குழு, 1997இல் வெளியிட்ட தொகுப்பில் பீட்டில்சின் "நார்வீசியன் வுட்" பாடலைப் பஞ்சாபியில் பாடியது. இந்திய இசையைத் தேடி வந்த பாடலை இந்திய மொழிக்கே திருப்பித் தந்த அதில் மெல்லிய நகைச்சுவை உண்டு. கே தொகுப்பில் இல்லாததும் அதுதான்.

பிற்காலம்

குழுவின் இரண்டாம் தொகுப்பு 1999இல் வெளிவந்தது. முதல் தொகுப்பின் வெற்றியை அது பெறவில்லை. அவ்வாண்டிலேயே குழு கலைந்தது. 2000களின் நடுப்பகுதியில் மீண்டும் ஒன்றுசேர்ந்த குழுவினர், முதல் தொகுப்பின் 20ஆம் ஆண்டையொட்டி 2016இல் கே 2.0 என்னும் தொகுப்பை வெளியிட்டனர்.