திருத்தணி லோக்கலும் தாத்தாவோட சிடியும்

போன மாசம் சென்னையில ஒரு டெக் மாநாடு. செக்யூரிட்டி, ஏஐ, ஓப்பன் சோர்ஸ்னு ரெண்டு நாள். தமிழ்ல டேட்டா பத்தலைன்னு ஆளாளுக்கு ஒரே புலம்பல். திருத்தணி லோக்கல்ல திரும்பும்போது வீட்டு பீரோவுல கிடக்கிற தாத்தாவோட சிடி ஞாபகம் வந்துச்சு.

சின்ன ஃப்ளாஷ்பேக். ஒரு காலத்தில் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேற குறியீடு. அதே ஃபான்ட் இல்லாட்டி எல்லாம் ஜிலேபிதான். இதைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரி 7, 8ல் தமிழக அரசு சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாட்டை நடத்தியது. தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் குறியீடுகள் எல்லாம் அதன் விளைவு. இந்தப் பக்கம் இணையத் தமிழர்கள் மடலாடியே உருவாக்கிய டிஸ்கி தனி ஆவர்த்தனம். யூனிகோடில் 1991லேயே தமிழ் இருந்தும், அரசு அதை ஏத்துக்கிட்டது 2010ல்! (ஆணை வேகம் அப்படி.)

சிடியில 3 ஃபைல். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம், 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, எல்லாம் தாத்தா பார்த்தபடி. ரெண்டு ஃபைல் டிஸ்கி. அதோட அட்டவணை பொதுவில் இருக்கு. ஓப்பன்-தமிழ் நிரல் நிமிஷத்துல மாத்திடுச்சு. மூணாவது ஏதோ காசு கொடுத்து வாங்கின ஃபான்ட். அட்டவணை எங்கேயும் சிக்கலை. செக்யூரிட்டி அரங்குல கேட்ட மாதிரி, எந்தக் குறி அதிகம் வருதுன்னு எண்ணி ஒவ்வொரு எழுத்தா ஊகிக்கிறேன். முதல் பத்தி தாண்டியாச்சு. இப்போதைக்கு 'தடியடி'ன்னு ஒரு வார்த்தை தெளிவா தெரியுது.