முன்பாயும் பெண்ணின் பலமும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். இந்தக் கரையில் இன்ஜின் வருமுன் கட்டுமரங்கள் ஒற்றை முக்கோணப் பாயில் ஓடின. நனைந்து கனத்த பாயைக் கையால்தான் ஏற்ற வேண்டும், கையால்தான் சுருட்ட வேண்டும். “இது பொம்பளையால் ஆகிற வேலையா?” என்ற கேள்வியே பதிலாகவும் நின்றுவிட்டது.

பாய்ப்படகின் வரலாறு இதற்கு வேறு பதில் சொல்கிறது. நெடும்பயணப் படகில் பாய்மரத்துக்கு முன்னால் ஒரு கம்பிவடம் இறங்கும். அதில் நிற்பது முன்பாய். முன்பெல்லாம் அலையடிக்கும் முனைக்குப் போய்த்தான் அதை இறக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சுருட்டு உருளை வந்தது. பின்தளத்தில் உட்கார்ந்து ஒரு கயிற்றை இழுத்தால் முன்பாய் கோரைப்பாய்போல் சுருண்டுகொள்ளும்.

ஆனால் பொருத்துவதில் கவனம் வேண்டும். சுருட்டுக்கயிறு உருளைக்குள் நேராக நுழைய வேண்டும். பாயை உயர்த்தும் கயிறு உச்சியில் கம்பிவடத்தை விட்டுச் சற்று விலகி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் வடத்தோடு சுற்றிச் சிக்கிக்கொள்ளும். அப்போது பலங்கொண்டு இழுத்தால் பொருள்தான் சேதமாகும். பாய்க்கயிறு ஓடும் கப்பியை முன்னே நகர்த்தினால் பாயின் பின்விளிம்பு இறுகும். பின்னே நகர்த்தினால் அடிவிளிம்பு இறுகும். இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் பழக்கமாகும் அறிவு.

அந்த அறிவோடு 2017-18இல் இந்தியக் கடற்படைப் பெண்கள் அறுவர் 56 அடி ‘தாரிணி’யில் உலகைச் சுற்றினார்கள். 2024-25இல் அதே படகில் இருவர் மட்டும் சுற்றிவந்தார்கள்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி.

பழவேற்காட்டுக் கரையிலும் பாய் போய் இன்ஜின் வந்தது. இழுக்கும் பாரம் குறைந்தது. படகு மட்டும் பெண்ணுக்கு வரவில்லை. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வகுக்கும் ‘பாடு’ உரிமை ஆண்களுக்கே உரியது. அதே ஏரியில் இருளர் பெண்கள் படகும் வலையும் இல்லாமல், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். நாள் முழுக்க நீரில் குனிந்து நிற்கும் அந்த உடம்பைப் பலமில்லாதது என்று யாரால் சொல்ல முடியும்?

பலம் ஒரு சாக்கு. பாரத்தைக் குறைக்கக் கப்பி போதும். பாடு யாருக்கு என்பதை ஊர்தான் மாற்றி எழுத வேண்டும்.