ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச்சொல்: பள்ளி ஆங்கிலமும் வாசிப்பின் வரலாறும்

செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் வட்டாரத்தில் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்காத தெரு குறைவு. நைட்டிகள் இங்கிருந்து மூட்டை மூட்டையாக வெளியூர் போகின்றன. அந்த வீடுகளில் வளரும் பிள்ளைக்குக் கட்டிங், ஓவர்லாக், லேஸ், ஜிப், எக்ஸெல், டபுள் எக்ஸெல் எல்லாம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பழகிய சொற்கள். ராஜபாளையத்து மில்களுக்குப் போய்வருவோர் வீட்டில் ஷிப்ட், கோன், ஸ்பின்னிங். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ். ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது என்று சொல்லும் தாயின் பேச்சிலிருந்தே நூறு ஆங்கிலச் சொற்களை எழுதி எடுத்துவிடலாம்.

அவற்றில் ஒன்று ‘பீஸ்’. அம்மா தைப்பது பீஸ் ரேட்டுக்கு. பள்ளியில் கட்டுவதும் பீஸ். பாடப் புத்தகத்தில் உலக அமைதியைப் பற்றி வரும் பாடத்திலும் ஒரு பீஸ். தேனீக்களைப் பற்றி வந்தால் அதுவும் பீஸ். ஆங்கிலத்தில் நான்கும் வெவ்வேறு எழுத்துக் கூட்டல், வெவ்வேறு பொருள், துண்டைக் குறிப்பதும் அமைதியைக் குறிப்பதும் தவிர மற்றவற்றுக்கு ஓசையும் வேறு. தமிழ் எழுத்தில் நான்கும் பெரும்பாலும் ஒரே வடிவில் வந்து நிற்கின்றன. நம் மாணவன் காதில் சேர்த்து வைத்த சொல்லைக் கண்ணால் அடையாளம் காண முடியாமல் திகைக்கும் இடம் இதுதான். காதுக்கும் கண்ணுக்கும் இடையில் பாலம் போடக்கூடியது வாசிப்பு ஒன்றே என்பது என் முடிவு. அந்த வாசிப்பு நம் பள்ளிகளுக்கு எப்படி வந்தது, எப்படிக் கைநழுவியது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சீன மொழி பேசும் மாணவனை அருகில் நிறுத்திப் பார்த்தால் நம் நிலை இன்னும் தெளிவாகும். சீனம் பிறமொழிச் சொல்லை ஓசையோடு கடன் வாங்குவதைவிடப் பொருளைப் பெயர்த்துக் கொள்வதையே விரும்பும். ரயிலுக்குத் ‘தீ வண்டி’, தொலைபேசிக்கு ‘மின் பேச்சு’, கணினிக்கு ‘மின் மூளை’ என்று பொருள்படும் சொற்களே அங்கு அன்றாட வழக்கு. நாமும் புதுச்சொல் ஆக்குகிறோம், ஆனால் அவை பெரும்பாலும் ஏட்டில் தங்கிவிடுகின்றன. நாக்கில் பஸ்ஸும் டிரெயினும் கம்ப்யூட்டரும்தான். ஆகவே சீன மாணவன் ஆங்கிலச் சொல்லுக்கு ஓசையும் எழுத்தும் இரண்டையும் புதிதாகக் கற்க வேண்டும். நம் மாணவன் கையில் பாதி முதல் ஏற்கெனவே இருக்கிறது.

சொல்லை மனப்பாடமாகவே சேர்ப்பது இரு நாட்டுக்கும் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளியில் நிகண்டு ஓதிய காலம் நீண்டது. திவாகரம், பிங்கலம், பிறகு மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு எனச் சொற்களைச் செய்யுளில் கட்டி, பொருள் முழுதாக விளங்கும் முன்பே பிள்ளைகளின் நினைவில் ஏற்றினார்கள். சீனத்தில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஆயிரம் எழுத்து நூல்’ அதே வேலையைச் செய்தது. ஓர் எழுத்துக்கூடத் திரும்ப வராதபடி ஆயிரம் எழுத்துகளை நான்கு நான்காக அடுக்கிய செய்யுள் அது. இந்த முறையை நான் குறைத்துப் பேசவில்லை. வீட்டிலும் வீதியிலும் கேட்கும் தாய்மொழிக்கு நிகண்டு ஒரு சேமிப்புக் கிடங்காக இருந்தது. கேட்காத, படிக்காத மொழிக்கு அதையே ஒரே வழியாக்கியபோதுதான் சிக்கல் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கல்வி இந்தப் பழக்கத்தின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. 1835இல் மெக்காலேயின் குறிப்பு, 1854இல் உட் அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம், அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு என்று அடுத்தடுத்து நடந்தவை தெரிந்த கதை. படிக்க வைத்தவை பெரும்பாலும் இங்கிலாந்துப் பிள்ளைகளின் மொழியறிவை மனத்தில் வைத்து எழுதிய பாடங்கள். அவற்றை விளக்க உரைக்குறிப்புகள் வந்தன, குறிப்புகளை மனப்பாடம் செய்தார்கள். அக்காலத்தில் புத்தகமே இல்லாமல் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது. சென்னையில் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது 1896இல்தான். ஒரு சிற்றூர் மாகாணத் தலைநகரை இருபது ஆண்டு முந்திக்கொண்டது நம் வட்டாரம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் நூலகத்துக்குள் போய்த் தானாக ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே ஆங்கிலம் கைவந்தவர்கள். தொடங்குபவனுக்கான எளிய புத்தகம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெறவில்லை.

அது வலுப்பெற்ற இடங்களில் ஒன்று வங்காளம். மைக்கேல் வெஸ்ட் 1912இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வந்த ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது ஒரு கேள்வி அவரை விடவில்லை: பள்ளியை முடிக்காமலே நின்றுவிடும் பிள்ளைக்கு, அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன மிச்சம்? இதற்கு அவர் எடுத்தாண்ட உவமை காப்பீட்டிலிருந்து வந்தது. பாலிசியை நடுவில் நிறுத்தினால் கையில் கிடைக்கும் தொகையைச் சரண்டர் மதிப்பு என்கிறோம். ஒரு மொழிப்பாடத்துக்கும் அப்படி ஒரு மதிப்பு இருந்தாக வேண்டும் என்றார். மூன்றாண்டு இலக்கணம் படித்துவிட்டு நின்றவனிடம் ஒன்றும் தங்காது. எளிய நூலை வாசிக்கும் திறன் வந்துவிட்டால் நின்ற பிறகும் அது வளரும். ஆகவே பேச்சுக்கு முன் வாசிப்பு என்றார். 1926இல் கல்கத்தாவில் வெளியான அவருடைய இருமொழியம் பற்றிய நூல் இந்த வாதத்தை வைத்தது.

வெஸ்ட் முன்வைத்த ஒரு கணக்கை நம் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தடையின்றிப் புரிந்து படிக்க, தெரியாத சொல் ஐம்பதில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. அன்றைய பாடநூல்கள் இதற்கு நேர்மாறாக இருந்தன. அரிய சொற்கள் அடுத்தடுத்து வந்து விழுந்தன, வந்த சொல் மறுபடி வரவே இல்லை. வெஸ்ட் அரிய சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களை வைத்தார். புதுச்சொற்களை இடைவெளி விட்டுப் பரப்பி, ஒரு முறை வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரச் செய்தார். அமெரிக்காவில் தார்ன்டைக் 1921இல் வெளியிட்ட பத்தாயிரம் சொற்களின் பட்டியல் எந்தச் சொல் அதிகம் வழங்குவது என்று காட்டியது. பிறகு லாங்மன்ஸ் வழியாக நியூ மெத்தட் ரீடர்கள் வந்தன. 1935இல் எண்டிகாட்டுடன் சேர்ந்து வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 பதிவுகளுக்கு 1,490 சொற்களுக்குள்ளேயே பொருள் எழுதினார். இருபதாண்டு உழைப்பின் கனி 1953இல் வெளியான, சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியல்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுவதும் ‘கிரேடட் ரீடர்’ என்று விற்கும் எளிமைப்படுத்திய கதைப்புத்தகத்தின் வேர்களில் முக்கியமான ஒன்று, படிப்பை நடுவில் விடும் இந்திய ஏழைப்பிள்ளையைப் பற்றிய கவலை. தோக்கியோவில் ஹெரால்ட் பாமர், சீனத்தில் ஆசிரியராக இருந்த லாரன்ஸ் ஃபாசெட் ஆகியோர் இதே காலத்தில் இதே திசையில் உழைத்தார்கள். 1934இல் நியூயார்க்கில் கார்னகி நிறுவன ஆதரவில் கூடிப் பேசியபோது இந்தியாவின், சப்பானின், சீனத்தின் வகுப்பறைகள் ஒரே மேசைக்கு வந்தன என்று சொன்னால் தவறில்லை.

பட்டியல்கள் பிறகு தம் வழியே போயின. தைவானில் 2002இல் வெளியான உயர்நிலைப் பள்ளிச் சொற்பட்டியலில் 6,480 சொற்கள், நிலைக்கு 1,080 வீதம் ஆறு நிலைகள். சீனப் பெருநிலத்தில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு 3,500 சொல் என்பது பெற்றோர் வாயிலும் புழங்கும் எண். எளிய புத்தகம் எழுத வழிகாட்டியாகப் பிறந்த பட்டியலே மனப்பாடத்துக்குரிய பொருளாகிவிட்டது. ஆயிரம் எழுத்து நூல் வேறு உருவில் திரும்பி வந்தது.

சென்னை மாநிலத்தில் நடந்தது வேறு. 1950களில் கட்டமைப்பு முறை வந்தது. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாய்மொழியாகப் பழக்குவது அதன் உயிர். பத்தாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஆசிரியர்களுக்குச் சங்கிலித் தொடராகப் பயிற்சி தந்தார்கள். சிலர் பயின்று, அவர்கள் பலருக்குச் சொல்லி, அந்தப் பலர் மாவட்டம்தோறும் பரப்பினார்கள். உருள உருளப் பெருகியதால் ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்ற பெயர் ஆங்கில ஆசிரியர் உலகில் நிலைத்தது. முயற்சி பெரியது. ஆனால் அமைப்பு முன்வரிசைக்கு வந்தபோது சொல் பின்வரிசைக்குப் போனது, வாசிப்பு அதற்கும் பின்னால்.

வாசிப்புக்கு மிஞ்சிய இடம் ‘நான்-டீடெயில்’. வரிவரியாக விளக்காமல் மாணவன் தானே படித்து மகிழ வேண்டிய துணைப்பாடம் என்பதே அந்தப் பெயரின் பொருள். இந்த ஏற்பாட்டைவிட நல்ல ஏற்பாடு நம் பாடத்திட்டத்தில் இருந்ததில்லை. அதே காலத்தில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் உழைப்பால், ஊர்தோறும் நூலகத்துக்கு வழி திறந்தது. காமராசர் ஆட்சியில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்குள் வந்தார்கள். 1966இல் கோத்தாரி குழு ஆங்கிலத்தை ‘நூலக மொழி’யாகக் காணச் சொன்னது. பிள்ளை, புத்தகம், கொள்கை மூன்றும் ஒரே நேரத்தில் தயாராக நின்றன. அவை ஒன்றோடொன்று சேரவில்லை. துணைப்பாடத்திலிருந்து தேர்வில் பத்திக்கேள்வி வந்தது, கேள்விக்குக் கைடு வந்தது, கைடு வந்த பின் கதையைப் படிக்க வேண்டிய தேவை போனது.

உலகின் மறுபக்கத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் ஆய்வாளர்கள் எல்லியும் மாங்குபாயும் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடம் மட்டும் கேட்ட வகுப்புகளைவிடக் கதை படித்த வகுப்புகள் வாசிப்பில் தெளிவாக முந்தின. அப்பள்ளிகளும் நம் ஊர்ப் பள்ளிகளைப் போலவே வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளின் பள்ளிகள். 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் இருவரும் செய்த ஆய்வு, கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டது. நூற்றுக்கு இரண்டு தெரியாதது என்றால் ஐம்பதுக்கு ஒன்று. டாக்காவில் வெஸ்ட் தம் அனுபவத்தால் சொன்ன எண்ணுக்கே முக்கால் நூற்றாண்டு கழித்து ஆய்வு வந்து சேர்ந்தது.

இந்த அளவுகோலை நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். 2019இல் வந்த புதிய நூல் பார்வைக்கு அழகானது. கியூஆர் கோடு, அருஞ்சொற்பொருள், தனித் துணைப்பாடம் எல்லாம் உண்டு. முதல் உரைநடைப் பாடம் லியம் ஓ’ஃபிளாஹெர்டி எழுதிய கடற்பறவைக் குஞ்சின் முதல் பறத்தல் கதை. அதில் ‘லெட்ஜ்’ என்ற சொல் பாறை விளிம்பைக் குறித்துத் திரும்பத் திரும்ப வருகிறது. குஞ்சு அங்கேதான் நிற்கிறது, அங்கேதான் பசியில் தவிக்கிறது, அங்கிருந்துதான் பறக்கிறது. கதையை ஒரு முறை ஊன்றிப் படித்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்காது. கூடவே ஹெர்ரிங், மேக்கரல் என்று மீன் பெயர்கள் எட்டிப் பார்த்து ஓடிவிடுகின்றன. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு அவை காதிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. பக்கத்துக்கு 250 சொல் என்று கொண்டால் ஐந்து புதுச்சொல்தான் தாங்கும். பல மாணவருக்கு அந்தப் பக்கம் தருவது அதைப் போல் பல மடங்கு. இதைப் பாடநூல் ஆசிரியர்களின் குறையாக நான் கருதவில்லை. உயர்ந்த இலக்கியம் ஒரு பாடமாக இருக்கட்டும். அதற்கு ஏறிப் போகும் படிக்கட்டு எங்கே என்பதே கேள்வி. பொதுத்தேர்வின் முதல் ஆறு கேள்விகள் மூன்று சினானிம், மூன்று ஆன்டனிம். படிக்கட்டு இல்லாத பிள்ளை பட்டியலைத்தான் பிடிப்பான்.

அதே புத்தகத்தின் துணைப்பாடத்தில் சீனக் கதையான முலான் இருக்கிறது. தந்தைக்குப் பதிலாக ஆண்வேடமிட்டுப் போருக்குப் போன பெண்ணின் கதை. சீன மாணவன் அதை ஆங்கிலத்தில் படித்தால், பாதிச் சொல் தெரியாவிட்டாலும் கதை அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகும். தாய்மொழிப் பாடத்தில் முலான் பாட்டைப் படித்தவன் அவன். தெரிந்த கதை தெரியாத சொல்லுக்கு வெளிச்சம். நம் பிள்ளைக்கு அந்த வெளிச்சம் தரும் கதைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நெல்கட்டும்செவலில் பூலித்தேவன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள். வெஸ்ட் கணக்கில் ஐம்பதுக்கு ஒரு புதுச்சொல் வைத்து, பதினாறு பக்கத்தில், நல்ல படங்களோடு இவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுத முடியும். எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் தமிழில் சிறு கதைப்புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொடுத்தது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் 2015 முதல் நிலைவாரியான கதைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விலையின்றித் தருகிறது. ஒரே கதையை முதலில் தமிழில், மறுநாள் ஆங்கிலத்தில் படிக்க இதைவிட எளிய வழி இல்லை.

செட்டியார்பட்டிப் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டைத் தீர்மானமாக எழுதி வையுங்கள்: ஒன்பதாம் வகுப்புக்கு நூறு எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்கள், வாரத்தில் ஒரு பாடவேளை கேள்வியில்லாத வாசிப்பு. புத்தகம் பூட்டிய பீரோவில் இருக்க வேண்டாம், மாணவர் கையெட்டும் அலமாரியில் இருக்கட்டும்.