இங்கிலாந்தின் பழைய கவுண்டி நிலப்படங்கள்

கவுண்டி என்பது இங்கிலாந்தின் மரபான ஆட்சிப் பிரிவு. 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை கவுண்டிவாரியாக அச்சான நிலப்படங்களைத் தேடிச் சேர்ப்பது, பழம்பொருள் சேகரிப்பில் தனித் துறையாக வளர்ந்துள்ளது. இவற்றில் பெரும்பாலானவை அட்லஸ்களுக்காக அச்சிடப்பட்டுப் பின்னர் தனித் தாள்களாகப் பிரிக்கப்பட்டவை.

வரலாறு

முதலாம் எலிசபெத் அரசியின் அனுமதியுடன், தாமஸ் செக்ஃபோர்டின் பொருளுதவியில், கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் 1570களில் இங்கிலாந்தையும் வேல்ஸையும் அளந்தார். 34 கவுண்டிப் படங்கள் கொண்ட அவரது அட்லஸ் 1579இல் வெளிவந்தது. அதில் ஆறுகள், குன்றுகள், ஊர்கள் உண்டு, சாலைகள் இல்லை. ஜான் நார்டன் 1593இல் வெளியிட்ட மிடில்செக்ஸ் படத்தில் சாலைகள் இடம்பெற்றன. 1611 என ஆண்டு பொறிக்கப்பட்ட ஜான் ஸ்பீடின் அட்லஸுக்கு ஆம்ஸ்டர்டாமில் யோடோக்கஸ் ஹோண்டியஸ் அச்சுக்கான செப்புத் தகடுகளைச் செதுக்கினார். ஓரங்களில் நகர வரைபடங்களும் குலச்சின்னங்களும், பின்பக்கத்தில் கவுண்டியைப் பற்றிய குறிப்பும் கொண்ட ஸ்பீடின் படங்களுக்கே இன்றும் நாட்டம் அதிகம்.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் புதிதாக அளந்து வரைவோருக்கு 1759இல் லண்டனின் கலைச் சங்கம் (Society of Arts) 100 பவுண்டு பரிசு அறிவித்தது. பெஞ்சமின் டானின் டெவன் படம் (1765) அப்பரிசை முதலில் வென்றது. 1801இல் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் கெண்ட் படம் வெளியானபின், துல்லியமே முதன்மையாயிற்று. 1830களில் தாமஸ் மவுல் வெளியிட்ட எஃகுத் தகட்டுப் படங்கள் பழைய அலங்கார மரபின் கடைசிச் சிறப்பு.

காலம் கணித்தல்

சாக்ஸ்டன், ஸ்பீட் ஆகியோரின் செப்புத் தகடுகள் பல பதிப்பாளர்களிடம் கைமாறி 18ஆம் நூற்றாண்டிலும் அச்சேறின. அவர்களில் பலர் தம் பெயரைத் தகட்டில் பொறித்தனர். சாக்ஸ்டனின் தகடுகளில் பிலிப் லீ சாலைகளையும் சேர்த்தார். ஆகவே தகட்டில் உள்ள ஆண்டு அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பதிப்பாளர் பெயர், பின்பக்க உரை, தாளின் நீர்க்குறி ஆகியவற்றை ஒப்பிட்டே பதிப்பை உறுதிசெய்ய வேண்டும். தகடு அழுந்திய விளிம்புத் தடம், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் கம்பிக் கோடுகள் ஆகியவை பழந்தாளுக்கு முக்கிய அடையாளங்கள். செம்பு கலந்த பழைய பச்சை வண்ணம் தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும்.

பேணுதல்

படங்களை வெயில் படாத இடத்தில், அமிலமற்ற அட்டையில் பொருத்தி வைக்க வேண்டும். ஓரங்களை வெட்டக் கூடாது. முழு அட்லஸைப் பிரித்து விற்பது ஈடுசெய்ய முடியாத அழிவு. ஏற்கெனவே பிரிந்த தாள்களை மட்டும் வாங்குவதே பொறுப்புள்ள சேகரிப்பு.